உங்களுக்குத் தெரியுமா? புழுவும் இலையும்

எச்சிலால் பிடிபடும் புழு

மக்காச்சோள இலையைக் கத்தரியால் வெட்டினாலும் காயம்தான், புழு கடித்தாலும் காயம்தான். ஆனால் இரண்டையும் செடி பிரித்து அறிகிறது. கடித்தது புழு என்பதை அதன் எச்சில் காட்டிக்கொடுத்துவிடுகிறது. 1997-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒருவகைப் படைப்புழுவின் வாய்நீரிலிருந்து ‘வோலிசிட்டின்’ என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இது காயத்தில் பட்டதும் மக்காச்சோளம் தனி மணம் ஒன்றை வெளியிடுகிறது. அந்த மணத்தைப் பின்தொடர்ந்து ஒட்டுண்ணிக் குளவி வருகிறது, புழுவின் உடலுக்குள் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்றுவிடும்.

இதில் இன்னொரு வியப்பும் உண்டு. வோலிசிட்டினின் ஒரு பகுதியான கொழுப்பு அமிலம் அந்த இலையிலிருந்தே புழுவுக்குக் கிடைப்பது. இன்னொரு பகுதியைப் புழுவின் உடல் சேர்க்கிறது. தன்னைப் பிடித்துக்கொடுக்கும் சாட்சியைப் புழுவே தன் வயிற்றில் தயாரித்துக்கொள்கிறது.

வயிறு நிறைந்தும் பட்டினி

தக்காளி இலையில் ஓரிடத்தில் பூச்சி கடித்தால், கடிபடாத மற்ற இலைகளும் எச்சரிக்கை அடைந்துவிடுகின்றன. சில மணி நேரத்துக்குள் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் அவற்றில் சேரத் தொடங்கும். அவற்றைத் தின்னும் பூச்சியின் குடலில் செரிமான நொதிகள் முடங்கிப்போகின்றன. எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாது, வளர்ச்சி நின்றுவிடும். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிளாரன்ஸ் ரயான் 1972-இல் இதை வெளியிட்டார். செடி என்பது அடிபட்டுக்கொண்டு சும்மா நிற்கும் உயிர் என்ற எண்ணத்தை மாற்றிய கண்டுபிடிப்புகளில் இதற்கு முதன்மையான இடம் உண்டு.

1990-இல் ரயானும் எட்வர்ட் ஃபார்மரும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மூடிய அறைக்குள் ஒருவகைக் காட்டுப்புதரின் கிளையைத் தக்காளிச் செடிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். புதரிலிருந்து ஆவியாகும் மெத்தில் ஜாஸ்மோனேட் காற்றில் கலந்தது. ஒரு பூச்சியும் கடிக்காமலேயே தக்காளி தற்காப்பில் இறங்கிவிட்டது. மல்லிகையின் வாசனையிலும் இருக்கும் பொருள்தான் இது.

அதே பொருளைத் தக்காளிச் செடிகளில் தெளித்து, மேலே புழுக்களை விட்டார்கள் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். இலை அவ்வளவு வேண்டாததாகிவிட்டதால் புழுக்கள் ஒன்றையொன்று தின்னத் தொடங்கின. 2017-இல் வெளியான ஆய்வு இது.

பப்பாளிப் பால்

பப்பாளிக் காயைக் கீறினால் வடியும் பாலில் ‘பப்பைன்’ என்ற நொதி இருக்கிறது. இறைச்சி சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய்த் துண்டு ஒன்றைப் போடும் சமையல்காரர்களுக்கு அதன் வலிமை தெரியும். அது ஏன் அந்த மரத்தில் இருக்கிறது என்ற கேள்விக்கு 2004-இல் ஜப்பானிய ஆய்வாளர் கொட்டாரோ கொன்னோவின் குழு விடை சொன்னது. பப்பாளி இலையை அப்படியே கொடுத்தபோது எரிப்பட்டுப் புழுக்கள் செத்துப்போயின. இலையை நறுக்கிப் பாலை நன்றாகக் கழுவிவிட்டுக் கொடுத்தபோது அதே புழுக்கள் உண்டு வளர்ந்தன. நொதியை மட்டும் முடக்கிவிட்டுக் கொடுத்தபோதும் வளர்ந்தன. இறைச்சியைக் குழைக்கும் அதே நொதிதான் மரத்தைப் புழுவிடமிருந்து காக்கிறது.

பட்டுப்புழு மட்டும் எப்படித் தின்கிறது?

இதே கொன்னோ குழு 2006-இல் முசுக்கொட்டையையும் ஆராய்ந்தது. முசுக்கொட்டைப் பாலில் சர்க்கரையைப் போன்ற வடிவமுள்ள ஆல்கலாய்டுகள் மிகுதியாக உள்ளன. சர்க்கரையைச் செரிக்கும் நொதிகளில் இவை போய் உட்கார்ந்து வழியை அடைத்துவிடும். முட்டைக்கோஸ் புழுவும் எரிப்பட்டுப் புழுவும் முசுக்கொட்டை இலையைத் தின்று பிழைப்பதில்லை. பட்டுப்புழுவின் நொதிகளோ இந்தத் தடைக்கு அசைவதில்லை. ஓசூரிலும் தர்மபுரியிலும் தட்டு தட்டாக இலை போட்டு வளர்க்கும் பட்டுப்புழுவுக்கு, மற்ற புழுக்களுக்கு நஞ்சான உணவுதான் விருந்து.

வேம்பு: சாவை எண்ணாதீர்கள், கடியை எண்ணுங்கள்

1959-இல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கியபோது, ஜெர்மன் பூச்சியியலாளர் ஹைன்ரிஷ் ஷ்முட்டரர் அங்கே இருந்தார். வேப்பமரங்களில் வெட்டுக்கிளிகள் உட்கார்ந்தன. ஆனால் தின்னாமல் பறந்துவிட்டன. சுற்றிலும் இருந்த பசுமை அழிந்துபோக, வேம்பு தழைத்து நின்றது. வாழ்நாள் முழுவதும் வேம்பை ஆராயும்படி அவரை மாற்றியது அந்தக் காட்சி.

1962-இல் டெல்லியில் வெட்டுக்கிளிகள் வந்தபோது, இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ். பிரதான் குழுவினர் வேப்பம்பருப்புக் கரைசலைப் பயிர்களில் தெளித்துப் பார்த்தார்கள். வெட்டுக்கிளிகள் பயிரில் இறங்கின, கடிக்கவில்லை. நம் பாட்டிமார் தானியக் குதிரில் வேப்பிலை போட்டதற்குப் பின்னால் இருந்த அறிவு அன்று வயல்வெளியில் சோதித்து நிறுவப்பட்டது.

வேம்பின் முதன்மையான பொருள் அசாடிராக்டின். 1968-இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் இதைப் பிரித்தெடுத்தார்கள். அமைப்பு இன்னதென்று உறுதியாகச் சொல்ல 1985 வரை ஆனது. கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே குழுவினர் அதை ஆய்வகத்தில் முழுமையாக உருவாக்கி முடித்தது 2007-இல். அதற்கு அவர்கள் செலவிட்டது 22 ஆண்டுகள்! கோடைதோறும் எந்த ஆரவாரமும் இல்லாமல் வேப்பமரம் செய்து கீழே உதிர்க்கும் பொருள் இது.

வேம்பு தெளித்த விவசாயி மறுநாள் காலையில் வயலுக்குப் போகிறார். புழு உயிரோடுதான் இருக்கிறது. “மருந்து கேக்கலைங்க” என்று வருத்தத்தோடு திரும்புகிறார். இந்த இடத்தில்தான் பலர் வேம்பைக் கைவிடுகிறார்கள். அது எனக்குப் பெரும் இழப்பாகவே படுகிறது. அசாடிராக்டினுக்கு இரண்டு வேலைகள். முதலாவது, புழுவின் வாயில் உள்ள சுவை உணர்விகளைத் தாக்கி உணவை வெறுக்கவைப்பது. இரண்டாவது, தோல் உரிப்பதற்கான ஹார்மோன் சுரப்பைக் குலைப்பது. புழு வளர வேண்டுமானால் பழைய தோலைக் கழற்றியாக வேண்டும். வேம்பு பட்ட புழுவால் கழற்ற முடிவதில்லை. பாதி தோலோடு சிக்கிச் சாகும், இல்லாவிட்டால் கூட்டுப்புழுவாக மாறாமலே ஓய்ந்துபோகும். இதற்குச் சில நாள் பிடிக்கும். ஆகவே தெளித்த மறுநாள் செத்த புழுவைத் தேடாமல், இலையில் புதிய கடி இருக்கிறதா என்று பாருங்கள்.

இலையைத் தின்றால்தான் பெருமளவு பாதிப்பு என்பதால், இலையைத் தின்னாத சிலந்திக்கும் ஒட்டுண்ணிக் குளவிக்கும் வேம்பால் தீங்கு குறைவு.

சாறு எடுக்கும் பக்குவம்

5% வேப்பங்கொட்டைச் சாறு என்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது இதைத்தான்: ஓடு நீக்கிய பருப்பு 5 கிலோவை இடித்துத் தூளாக்கி, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும். காலையில் கலக்கினால் பால்போல் வெளுப்பாக வரும். மெல்லிய துணியை இரண்டாக மடித்து வடிகட்டி, மொத்தம் 100 லிட்டர் ஆகும்வரை தண்ணீர் சேர்க்க வேண்டும். இலையில் ஒட்டுவதற்காகச் சோப்புக் கரைசலும் கலக்க வேண்டும். ஏக்கருக்கு 200 லிட்டர் தேவை என்றால் பருப்பு 10 கிலோ.

கரைசல் பழுப்பாக வந்தால் கொட்டை கெட்டுவிட்டது என்று பொருள். சேகரித்து மூன்று மாதம் ஆன கொட்டை நல்லது, எட்டுப் பத்து மாதத்துக்கு மேல் பழையது ஆகாது. வெயில் அசாடிராக்டினைச் சிதைத்துவிடும். அதனால் மாலையில் தெளிப்பதே முறை. மறுவாரத்துக்கு என்று எடுத்துவைக்கவும் கூடாது, அன்றன்றைக்குத் தயாரித்தது அன்றன்றைக்கே தீர வேண்டும்.

2018-இல் கர்நாடகம் வழியாக இந்தியாவுக்குள் நுழைந்து, தமிழ்நாட்டு மக்காச்சோளத்தைச் சூறையாடிய அமெரிக்கப் படைப்புழுவுக்கும் முதல் தெளிப்பாக வேம்பைத்தான் பரிந்துரைத்தார்கள். ஆனால் புழு சிறியதாக இருக்கும்போதே தெளித்துவிட வேண்டும். பெரிய புழு குருத்துக்குள் இறங்கித் தன் எச்சத்தாலேயே வாசலை அடைத்துக்கொள்ளும். அதன்பின் எந்தத் தெளிப்பும் உள்ளே எட்டுவது கடினம்.

வேம்புக்கு வழக்கு

வேப்பெண்ணெயைப் பயிர்களின் பூஞ்சைநோய்க்குப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்க வேளாண் துறையும் ஒரு தனியார் நிறுவனமும் சேர்ந்து ஐரோப்பியக் காப்புரிமை வாங்கின. இது 1994-இல் நடந்தது. வந்தனா சிவா உள்ளிட்டோர் எதிர்த்து வழக்காடினார்கள். இந்திய விவசாயிகளுக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தி புதுக் கண்டுபிடிப்பு ஆகாது என்று 2000-இல் காப்புரிமை நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005-இல் தள்ளுபடியானது.

பைரித்ரம்: வெயிலில் வாடும் நஞ்சு

சாமந்திக் குடும்பத்தில் வெள்ளையாகப் பூக்கும் ஒரு செடி பைரித்ரம். பூர்வீகம் ஐரோப்பாவின் டால்மேஷியக் கடற்கரை. பூவின் நடுவில் விதையாகும் பகுதியில் பைரித்ரின்கள் திரள்கின்றன. பூச்சியின் நரம்பில் சோடியம் வாயில்களை மூடவிடாமல் செய்து, நரம்பை ஓயாமல் துடிக்கவைப்பவை இவை. பட்ட கணத்திலேயே பூச்சி சுருண்டு விழும். 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகத்துக்கு இந்தப் பூவைக் கொடுத்த முதன்மை நாடு கென்யா. அங்கே மேட்டுநிலச் சிறு விவசாயிகள் ஒவ்வொரு பூவாகக் கையால் பறித்தார்கள்.

குறை ஒன்றுதான். வெயில் பட்டால் வலிமை போய்விடும். வயலில் புழுவை அடக்க அது போதாது. வெயிலுக்குத் தாங்கும்படி அதே அமைப்பை மாற்றி, 1973-இல் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட் குழுவினர் பெர்மெத்ரினை உருவாக்கினார்கள். பின்னால் வந்த சைபர்மெத்ரினும் டெல்டாமெத்ரினும் அதே வழிவந்தவையே. தாங்கும் தன்மை கூடியதும் தொல்லையும் கூடியது. நன்மை செய்யும் பூச்சிகளும் மீன்களும் சேர்ந்து அடிபட்டன. நம் பருத்தி வயல்களிலோ காய்ப்புழு எதிர்ப்புச் சக்தி பெற்று நின்றது. சீக்கிரம் கரைந்துபோவதை நாம் குறை என்கிறோம். அதுவே அந்தப் பூவின் நல்ல குணமாகவும் இருந்தது.

கொசுவர்த்திச் சுருள் பிறந்ததும் இந்தப் பூவிலிருந்துதான். ஜப்பானின் எய்ச்சிரோ உவெயாமா முதலில் ஊதுவத்திபோல் நேரான குச்சியாகத்தான் செய்தார். சுருளாகச் சுற்றினால் நெடுநேரம் எரியும் என்று 1895-இல் யோசனை சொன்னவர் அவருடைய மனைவி யூக்கி.

நல்லெண்ணெய் கூட்டு

பைரித்ரத்தோடு நல்லெண்ணெய் கலந்தால் அதன் வேகம் பல மடங்கு கூடும் என்று 1940-இல் அமெரிக்காவில் காப்புரிமை பதிவானது. எண்ணெய் தானாகப் பூச்சியைக் கொல்வதில்லை. நஞ்சை முறிக்கும் நொதிகள் பூச்சியின் உடலில் உண்டு, எள்ளில் உள்ள செசமின் போன்ற பொருள்கள் அந்த நொதிகளை முடக்குகின்றன. முறிக்க ஆள் இல்லாததால் கொஞ்சம் நஞ்சே போதுமானதாகிறது. இந்த வழியைப் பின்பற்றி உருவான ஒரு துணைப்பொருள், வீட்டுப் பூச்சித் தெளிப்பான் டப்பாக்கள் பலவற்றில் இன்றும் இருக்கிறது.

கடுகின் வெடி, அதை அணைக்கும் புழு

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு எல்லாம் ஒரே குடும்பம். கடுகைக் கடித்ததும் மூக்கில் ஏறும் காரம், கடிக்குமுன் அங்கே இல்லை. குளுக்கோசினோலேட் ஓர் அறையிலும், அதை உடைக்கும் நொதி வேறோர் அறையிலும் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. புழு மெல்லும்போது இரண்டும் கலந்து காரமான நஞ்சு உருவாகிறது. பெரும்பாலான புழுக்கள் விலகிவிடும்.

வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு விலகாது. அதன் குடலில் உள்ள சல்ஃபடேஸ் என்ற நொதி, வெடி வெடிக்குமுன்பே திரியைப் பிடுங்கிவிடுகிறது. ஜெர்மனியின் யேனா நகர ஆய்வாளர்கள் இதை 2002-இல் கண்டறிந்தார்கள். அதைவிட மோசம், தாய் அந்துப்பூச்சி முட்டையிடச் சரியான செடி எது என்று அறிவதே இந்தக் கடுகுப் பொருள்களை வைத்துத்தான். காவலாளியின் குரலைக் கேட்டே திருடன் வீட்டை அடையாளம் காண்கிறான்.

ஜாவாத் தீவின் முட்டைக்கோஸ் தோட்டங்களில் இந்தப் புழு டிடிடியை எதிர்த்து நின்றதாக 1953-இல் பதிவானது. பயிர்ப்பூச்சிகளில் டிடிடிக்கு அசையாத முதல் கூட்டத்தில் இதுவும் ஒன்று. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கோஸ் பயிரிடுவோருக்கு இதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

கடுகுப் பொருள்களைத் தேடி வரும் அந்துப்பூச்சியின் ஆசையையே அதற்கு எதிராகத் திருப்பலாம். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் காட்டிய வழி: முட்டைக்கோஸ் வரிசைகளுக்கு இடையிடையே கடுகு விதைப்பது. கோஸைவிடக் கடுகையே நாடி அந்துப்பூச்சி போகும். அங்கே மட்டும் தெளித்தால் கோஸில் மருந்தின் அளவு வெகுவாகக் குறையும். நிலக்கடலையில் வரப்போரம் ஆமணக்கு நடுவதும் இதே கணக்குதான். புகையிலைப் புழுவின் தாய்ப்பூச்சி ஆமணக்கு இலையில் குவியலாக முட்டையிடும், அந்த இலையைப் பறித்து அழித்துவிட்டால் ஒரு தலைமுறையே தீர்ந்தது.

நிக்கோட்டின் மூச்சு

புகையிலைச் செடி நிக்கோட்டினை வேரில் செய்து இலைக்கு அனுப்புகிறது. புழு கடிக்கக் கடிக்க அனுப்பும் அளவு கூடும். ஆனால் புகையிலைக் கொம்புப் புழுவுக்கு அது சுமையல்ல. தின்ற நிக்கோட்டினில் ஒரு சிறு பங்கை இரத்தத்தில் ஏற்றி, உடலின் பக்கவாட்டில் உள்ள மூச்சுத்துளைகள் வழியாக வெளியே விடுகிறது. வேட்டைக்கு வரும் ஓநாய்ச் சிலந்தி அந்த நெடியை முகர்ந்ததும் விட்டுவிட்டுப் போய்விடும். 2014-இல் இயான் பால்ட்வின் குழு இதை வெளியிட்டது. இந்த வேலைக்கான மரபணுவை அடக்கிய புழுக்களைச் சிலந்திகள் தயங்காமல் பிடித்துத் தின்றன.

மனிதருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. நிக்கோட்டின் தோல் வழியாகவே உடம்பில் இறங்கும். ஈரமான புகையிலை இலையைக் கையாளும் தொழிலாளர்களுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவது இதனால்தான். புகையிலைக் கஷாயம் போடுகிறவர்கள் கையுறை இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

காபி, டீ

காபியில் நம்மை விழிக்கவைக்கும் காஃபீன் செடிக்குத் தற்காப்பு. ஹார்வர்டைச் சேர்ந்த ஜேம்ஸ் நேதன்சன் 1984-இல் புழுக்களுக்குக் காபித்தூளும் தேயிலைத்தூளும் கலந்த உணவைக் கொடுத்தார். புழுக்கள் குறைவாகத் தின்றன, அளவு கூடியபோது செத்தன.

பருத்தியின் கரும்புள்ளிகள்

பருத்தி இலையை வெளிச்சத்தில் பிடித்தால் நுண்ணிய கரும்புள்ளிகள் தெரியும். அவை நோய் அல்ல, காசிபால் நிறைந்த சுரப்பிகள். விதையிலும் அது இருப்பதால் பருத்திக்கொட்டையை அப்படியே உண்பது மனிதருக்குப் பாதுகாப்பல்ல. மாட்டின் இரைப்பை ஓரளவு தாங்கும். காசிபால் இல்லாத இரகத்தை முன்பே உருவாக்கிப் பார்த்தார்கள், வயலில் பூச்சிகள் கூடி மொய்த்ததால் அது நிலைக்கவில்லை. டெக்சாஸில் கீர்த்தி ரத்தோர் வேறு வழி கண்டார். இலையிலும் காயிலும் காசிபாலை அப்படியே விட்டு, விதையில் மட்டும் அடக்கினார். அமெரிக்க அரசு 2018-லும் 2019-லும் அதற்கு அனுமதி கொடுத்தது.

ஒரு காட்டுச் செடியின் பெயரில் ஒரு வாயில்

தென் அமெரிக்காவிலும் டிரினிடாடிலும் வளரும் ரயானியா என்ற செடியின் தண்டுத்தூளை 1940-களில் மக்காச்சோளத் தண்டுத்துளைப்பானுக்கும் ஆப்பிள் புழுவுக்கும் எதிராகப் பயன்படுத்தினார்கள். அதன் நஞ்சான ரயனோடின், தசைக்குள் கால்சியத்தை அடைத்துவைத்திருக்கும் வாயிலைப் பிடித்துக்கொள்ளும். அந்த வாயிலுக்கே செடியின் பெயர் நிலைத்துவிட்டது. இன்று கத்தரி, நெல், கரும்பு என எல்லாவற்றிலும் புழுவுக்குத் தெளிக்கும் குளோரான்ட்ரனிலிப்ரோல் ஆய்வகத்தில் பிறந்தது. ஆனால் அது தாக்குவதும் அதே வாயிலைத்தான்.

இயற்கை என்றால் தீங்கில்லை என்பது உண்மையா?

இல்லை. மீன் பிடிக்கப் பழங்குடிகள் பயன்படுத்திய டெரிஸ் வேரில் ரோட்டினோன் இருக்கிறது. நெடுங்காலம் அது ‘பாதுகாப்பான இயற்கைப் பூச்சிமருந்து’ என்றே தோட்டங்களில் தூவப்பட்டது. அதைத் தொடர்ந்து செலுத்திய எலிகளுக்குப் பார்க்கின்சன் நோயைப் போன்ற அறிகுறிகள் வந்ததை அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-இல் காட்டினார்கள்.

நம் வீட்டுப் பக்கமும் பார்க்க வேண்டும். பேனுக்கு அரைத்துப் பூசும் சீத்தாப்பழ விதை கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும். குழந்தைகளின் தலையில் அதைத் தேய்க்கவே கூடாது.

ஆடு தின்னாத இலை

ஐந்திலைக் கரைசலுக்கு இலை தேர்ந்தெடுக்க நம் ஊர்களில் சொல்லும் கணக்கு தெரியுமா? ஆடு மாடு தின்னாத இலை, ஒடித்தால் பால் வரும் இலை, வாயில் வைத்தால் கசக்கும் இலை. நொச்சி, ஆடாதொடை, எருக்கு, வேம்பு, ஆடுதீண்டாப்பாளை. கோமியத்தில் ஊறவைத்து, வடிகட்டி, தண்ணீர் கலந்து தெளிப்பார்கள். இவ்வளவு ஆய்வுகளும் கடைசியில் காட்டுவது, அந்தக் கணக்குக்கு வேதியியல் அடிப்படை உண்டு என்பதைத்தான். விலங்கு தொடாத இலையில் பெரும்பாலும் ஏதோ ஒரு தற்காப்புப் பொருள் இருக்கிறது.

இவற்றில் இரண்டு இலைகளைத் தேடி வரும் புழுக்களும் உண்டு. எருக்கிலையை வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழுவும், ஆடுதீண்டாப்பாளையைச் சிவப்புடல் அழகியின் புழுவும் தின்கின்றன. தின்ற நஞ்சை உடலில் சேமித்து, சிறகு முளைத்த பின்னும் பறவைகளிடமிருந்து தப்பிக்கின்றன. வயலோரத்தில் இந்தச் செடிகளை முழுவதுமாக வெட்டிவிடாமல் சிலவற்றை விட்டுவைக்க இதுவே போதுமான காரணம்.

ஆடுதீண்டாப்பாளையில் இருக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் மனிதச் சிறுநீரகத்தைக் கெடுப்பது, புற்றுநோய் உண்டாக்குவது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததற்கு இந்த அமிலமே காரணம். செர்பியாவில் இதே குடும்பத்துச் செடி மக்கிய மண்ணிலிருந்து பயிர்களின் வேர்கள் இந்த அமிலத்தை உறிஞ்சுவதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இலையை இடிக்கும்போது கையுறை வேண்டும். கீரை, கொத்தமல்லி, வெங்காயத்தாள் என்று பறித்து அப்படியே சமையலுக்குப் போகும் பயிர்களுக்கான கரைசலில் ஆடுதீண்டாப்பாளையை விட்டுவிட்டு நொச்சியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.